விடாத பிடி

நாடக அரங்கின் பின்கதவை, மீசை என்று எல்லாரும் கூப்பிடும் காவலாளி திறந்துவிட்டபோது மழை வலுத்திருந்தது. குடையை மடக்கி உதறிச் சுவரோரம் சாய்த்துவிட்டு அக்கா உள்ளே வந்தாள். தோளில் தொங்கிய கருவிப் பையைத் தடவிப் பார்த்தாள். நனையவில்லை.

"வாங்கக்கா. முதலாளியம்மா சொல்லிட்டாங்க. கீழே லைட் போட்டு வச்சிருக்கேன்." காவலாளி கொஞ்சம் தயங்கினான். "நானும் கூட வரணுமா?"

"எதுக்குப்பா? எனக்கு வழி தெரியாதா?"

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. முகத்திலேயே தெரிந்தது. அவசரமாகத் தன் நாற்காலிக்குத் திரும்பி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

அந்த நாடகக் குழுவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்; அம்மா வயதிருக்கும் முதலாளியம்மாகூட. காரணம் அவள் தம்பி. அரங்குக்குள் காலை வைத்ததிலிருந்து, "அக்கா பசிக்குது, அக்கா என் செருப்பைப் பாத்தியா, அக்கா இந்த மீசை கோணலா இருக்கா" என்று அவன் போட்ட கூச்சலில் அவளுடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்தேபோனது. அவன் பெயரும் நிலைக்கவில்லை. பண்ணிய குறும்புக்கு வாலு என்று வைத்தார்கள். கடைசியில் சுவரொட்டியிலும் அதுவே அச்சானது.

மேடைக்கு வேண்டிய கிரீடம், கேடயம், ஈட்டி, வாள் எல்லாம் அக்காவின் கைவேலை. அவள் கணவர் அந்தக் குழுவின் அரசர். எந்த நாடகமானாலும் அரச வேடம் அவருக்குத்தான். முடிவெட்டும் கடையில்கூட "வாங்க அரசே" என்று நாற்காலியைத் தட்டிக் கொடுப்பார்கள். அவரும் சிம்மாசனத்தில் உட்காருகிற மாதிரிதான் உட்காருவார்.

புது நாடகத்துக்கு முதலாளியம்மா அரச வேடத்தை வாலுவுக்குக் கொடுத்தபோது, குழுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அரசரின் முகத்தைப் பார்த்தது. அவர் சிரித்தார். எழுந்து போய்த் தன் கையாலேயே மைத்துனன் தலையில் கிரீடத்தை வைத்து, "நல்லா பண்ணுடா" என்று முதுகில் தட்டினார். அக்காவுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அறைக்குள் போய்க் கொஞ்சம் அழக்கூடச் செய்தாள்.

சாமான் அறை மேடைக்கு நேர் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே உச்சிவெயிலாக இருந்தாலும் உள்ளே ஒரே மாதிரியான இருட்டுத்தான். ஒற்றை பல்பு. தலைக்கு மேல் மேடைப் பலகைகள், அவற்றின் இடுக்குகளில் கரிய கோடுகள். ஈரத்துணி, துரு, எலிப்புழுக்கை நெடி. அதற்கு மேல் இன்னொரு வாசனை. ஒட்டுத்தாடிக்குப் பூசும் பசையின் காரமான வாசனை.

யாரோ இப்போதுதான் புட்டியைத் திறந்த மாதிரி.

நாடகம் நின்று மாதக்கணக்காயிற்று. அந்தப் பசை காய்ந்தால் வாசனையே இருக்காது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாலுவின் வாளைப் பூட்டி வைத்திருந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

உள்ளே இருந்தது நிஜ வாள் அல்ல. பழைய போர்வாள் ஒன்றைப் பார்த்து, அதே நீளத்தில் அதே கனத்தில் செய்த நகல். விளிம்பில் விரலை ஓட்டினாலும் கீறாது. ஆனால் எஃகு எஃகுதான். இப்படிப்பட்ட வாளின் தகடு கைப்பிடியோடு நின்றுவிடாது. ஒல்லியாக நீண்டு மரப்பிடிக்குள் நுழைந்து, மறுகோடியில் இருக்கும் குமிழோடு திருகப்பட்டிருக்கும். உள்ளே மறைந்திருக்கும் அந்தப் பகுதிக்கு வால் என்று பெயர். "வாளுக்கு வால்தாங்க்கா உயிர். உனக்கு இந்த வாலுதான் உயிர்" என்று தம்பி சொல்லாத நாள் இல்லை. முதல் தடவை சிரித்தாள். பிறகு, "போடா, வேலையைக் கெடுக்காதே" என்பாள்.

கைப்பிடி உடைந்தது அரங்கேற்றத்தன்று. கடைசிக் காட்சி. கோட்டைப் படிக்கட்டின் உச்சியில் நின்று வாலு வாளைத் தலைக்கு மேல் முழுவீச்சில் சுழற்றினான். டப்பென்று ஒரு சத்தம். தகடு தனியாகப் பறந்து திரைச்சீலையில் மாட்டிக்கொண்டது. வெறும் பிடியோடு கை காற்றில் அலைந்ததைப் பார்த்து அரங்கமே கொல்லென்று சிரித்தது. கனம் போன வேகத்தில் அவன் தடுமாறி ஓரடி பின்னால் வைத்தான். பின்னால் படி இல்லை.

அவன் கீழே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

வந்து பார்த்தவர்கள் பிளந்த மரத்தைப் பார்த்துவிட்டு விபத்து என்றார்கள். யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பிடியைச் செய்தது அவள். என் கைவேலை என் தம்பியைக் கொன்றுவிட்டது என்ற நினைப்பு காலையில் அவளுக்கு முன்னால் விழித்தது, இரவில் அவள் தூங்கிய பிறகும் தூங்காமல் கிடந்தது. உளியைத் தொட்டால் கை நடுங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. அரசர்தான் பக்கத்திலேயே இருந்து தண்ணீர் கொடுத்து, தலையைக் கோதி, குழந்தையைத் தேற்றுகிற மாதிரி தேற்றினார்.

இப்போது முதலாளியம்மா அதே நாடகத்தை மறுபடி போடப் பார்த்தாள். அரச வேடம் அரசரிடமே திரும்பி வந்தது. வெளியிலிருந்து புது வாள் வாங்கினார்கள். முதல் ஒத்திகையிலேயே பிடி கழன்றுபோயிற்று. வேறொன்று வாங்கினார்கள். அதுவும். இன்னொன்று, அரசர் கையில் எடுத்தவுடனேயே. முதலாளியம்மா பயந்துபோய் அக்காவிடம் வந்தாள்.

"அவன் வாளை நீயே சரிபண்ணிக் குடு. அதுதான் அவன் மனசுக்கும் ஆறுதல்னு எனக்குத் தோணுது."

அரசர் இதைக் கேட்டதும் பதறினார். "நீ அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. உன்னால தாங்க முடியாதும்மா. சாவியை வாங்கிக் குடு, நான் பாத்துக்கறேன்." முதலாளியம்மா யாரிடமும் சாவியைக் கொடுக்கவில்லை. வாலு தொட்ட எதையும் தூக்கி எறிய விடமாட்டேன் என்று அவளே பூட்டி இடுப்பில் செருகி வைத்திருந்தாள். அதை அக்காவின் கையில்தான் கொடுத்தாள். அரசர் வெளியே போன நேரமாகப் பார்த்து அக்கா கிளம்பி வந்துவிட்டாள்.

பெட்டிக்குள் நீளமாக ஒரு துணிப்பொதி, பக்கத்தில் சின்னதாக ஒன்று. சின்னதை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள். பிளந்த கைப்பிடி. மேலே சுற்றித் தைத்த தோல் கிழியாமல் இருந்ததால் மரத்துண்டுகள் சிதறவில்லை. கோடியில் பித்தளைக் குமிழ்.

முதலில் குமிழைக் கழற்றவேண்டும். குறட்டில் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. துருவாக இருக்கும் என்று பிடியை மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுக்கத் திரும்பினாள்.

பின்னால் "டக்" என்றது.

குமிழ் தனியே கழன்று மேசைமேல் நின்றது. உருளவில்லை. கவிழவில்லை. யாரோ எடுத்து, இதைப் பார் என்று நிமிர்த்தி வைத்த மாதிரி நின்றது.

தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது.

"மீசை! நீயாப்பா?"

ரேடியோ எங்கோ தூரத்தில் பாடிக்கொண்டிருந்தது. மேலே யாரோ நடந்தார்கள். நிதானமான நடை. மேடையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, சரியாக அவள் தலைக்கு மேல் வந்ததும் நின்றது.

அக்கா குமிழைக் கையில் எடுத்தாள்.

அதன் நடுவில் வாலின் கடைசித் துண்டு திருகியபடியே இருந்தது. ஒரு விரல்கணு நீளம். மேல்முனை உடைந்த முனை அல்ல. உடைந்த எஃகு சொரசொரப்பாக இருக்கும். இது தட்டையாக, பளபளவென்று, குறுக்கே மெல்லிய கோடுகளோடு இருந்தது.

ரம்பத்தால் அறுத்த கோடுகள்.

பெரிய பொதியை இழுத்துப் பிரித்தாள். தகட்டின் அடியில் ஒரு சாண் நீளம் இருக்கவேண்டிய வால், கட்டைவிரல் அளவுக்கு மொட்டையாக நின்றது.

தோலைக் கத்தியால் கீறி மரத்தை வெளியே எடுத்தாள். அவள் செய்தது கருமரத்தில், ஒரே கட்டையில், நடுவில் துளை போட்டு, குறுக்கே ஆணி அடித்த பிடி. இது பழப்பெட்டி மரம். இரண்டு பாதியாக வெட்டி ஒட்டி, கறுப்புச் சாயம் பூசியிருந்தது. குறுக்கு ஆணியே இல்லை. குமிழையும் பசை வைத்துத்தான் ஒட்டியிருந்தார்கள்.

இது அவள் கைவேலையே இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சிரிப்பு வந்தது. அழுகையும் கலந்த ஒரு மாதிரிச் சிரிப்பு. நான் கொல்லலடா. நான் கொல்லல. அதைச் சத்தமாகவே சொன்னாள். மேலே நின்றிருந்த காலடி ஒரு பலகை தள்ளி நகர்ந்தது, கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி.

பிறகுதான் கேள்வி வந்தது. அப்படியென்றால் யார்?

தோல் மட்டும் அவளுடையது. பிரித்து மறுபடி தைத்திருந்தார்கள், அவள் போட்ட துளைகளிலேயே ஊசியைக் கோத்து, அவள் தைக்கிற மாதிரியே. அந்தத் தையலை அவள் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள், தன் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்த சமயத்தில். மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. கை தோலைத் திருப்பியது.

நூல் முடியும் இடத்தில் ஒரு முடிச்சு.

அவள் முடிச்சுப் போடமாட்டாள். நுனியை உள்ளே செருகி மறைத்துவிடுவாள். இது இரண்டு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கமாக இழுத்து இறுக்கிய முடிச்சு. இடுப்புக் கச்சையில் அவர் போட்டுக்கொள்ளும் அதே முடிச்சு. நாடகம் முடிந்ததும் அதை அவிழ்க்க முடியாமல் ஒப்பனை அறையே சபிக்கும். அரசர் முடிச்சு என்று அதற்குப் பெயரே உண்டு. கேலி பண்ணிப் பண்ணி எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மேலே, காலியான அரங்கத்தில், நூற்றுக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் கொல்லென்று சிரித்தார்கள்.

நடுவிலேயே வெட்டிவிட்ட மாதிரி நின்றது.

அக்கா முடிச்சைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலே மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பல்பு லேசாக ஆடியது. பசை வாசனை இப்போது அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு முகமில்லை. அவள்தானே அந்த ஆளின் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அன்று மாலை அரசர் வீட்டுக்கு வந்ததும் அவள் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே, எதையோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பிடி எப்படிங்க உடைஞ்சிருக்கும்?"

அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அதை அவள் பிறகு பலரிடம் சொன்னாள். அந்த நிமிஷம் அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால், உடைந்து அழுதிருந்தால், தான் என்ன செய்திருப்போமோ தெரியாது என்றாள்.

அரசர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் கடைசி வரிசை வரை கேட்கும் குரலை அவர் வீட்டில் மயிலிறகு மாதிரி வைத்துக்கொள்வார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? மரம்தானேம்மா, உடையத்தான் செய்யும். நீ இன்னும் கொஞ்சம் கவனமா செஞ்சிருக்கலாம், அவ்வளவுதான். அதுக்காக நான் உன்னை ஒரு நாளாவது குத்தம் சொல்லியிருக்கேனா?"

"இல்ல," என்றாள் அக்கா. "ஒரு நாளும் சொன்னதில்ல."

அவர் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு துண்டைக் கொடியில் போட்டாள்.

மறுநாளே தகட்டை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் அறுந்த வாலுக்கு முழு நீளத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டாள். வீட்டுப் பட்டறையில் வைத்தால் அரசர் கண்ணில் படும். அதனால் வேலையை அந்தச் சாமான் அறையிலேயே வைத்துக்கொண்டாள். தேக்கைவிடக் கெட்டியான கருமரமாகத் தேடி எடுத்தாள். துளை போட்டாள். அரத்தால் தேய்த்தாள். மாதக்கணக்காக நடுங்கிய கை அங்கே நடுங்கவில்லை.

வாலைப் பழுக்கக் காய்ச்சித் துளைக்குள் இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தகட்டை அசையாமல் நிமிர்த்திப் பிடிக்கவேண்டும், மற்றவர் மரத்தை மேலிருந்து அழுத்தவேண்டும். முன்பெல்லாம் தம்பிதான் பிடிப்பான், பேசிக்கொண்டே. அன்று கூட யாருமில்லை. தகட்டை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டுச் சுத்தியலை ஓங்கினாள். கட்டைகள் சரிந்து விழுந்தன.

தகடு விழவில்லை.

காற்றில் செங்குத்தாக, ஆடாமல் அசையாமல் நின்றது.

அக்கா சுத்தியலை இறக்கவில்லை. மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டு தட்டினாள். மரம் புகைந்தது. மறுபடி தட்டினாள். வால் கடைசிவரை இறங்கியது. குமிழைத் திருகினாள். குறுக்கு ஆணியை அடித்தாள். தோலைச் சுற்றித் தைத்து, நூல் நுனியை உள்ளே செருகி மறைத்தாள்.

அது அவள் செய்ததிலேயே உறுதியான பிடி. அதில் எந்த வஞ்சகமும் இல்லை. வஞ்சகம் செய்ய அவளுக்குத் தெரியாது. செய்யத் தேவையும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் காட்சி பகலில் வைத்திருந்தார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. வேடம் கட்டி முடிந்ததும் அக்கா வாளை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். அரசர் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். பூசிய சிவப்புக்கு அடியில் முகம் வெளுத்தது.

"எப்போ… நீ எப்போ பெட்டியைத் திறந்தே?"

"இப்பதாங்க. ரொம்பக் கவனமா செஞ்சிருக்கேன். கழறவே கழறாது."

மணி அடித்துவிட்டது. அவர் வாங்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார்.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. அரசர் கைத்தட்டல் மேல் கைத்தட்டலாக வாங்கினார். வாள் அவர் கையில் மின்னல் மாதிரி சுழன்றது. எல்லாம் வெறும் மனப்பிரமை என்று அக்காவே நினைக்கத் தொடங்கிய நேரம் கடைசிக் காட்சி வந்தது.

தோற்ற அரசன் கோட்டைப் படிக்கட்டின் உச்சியில் கடைசியாக ஒருமுறை வாளைச் சுழற்றிவிட்டு இறங்கி வந்து, ஜெயித்த இளவரசனின் காலடியில் வாளை வைக்கவேண்டும். "இனி இந்த வாள் உன்னுடையது." அவ்வளவுதான் வசனம். திரை விழும்.

அரசர் சுழற்றினார். இறங்கி வந்தார். மண்டியிட்டார். வசனத்தைச் சொன்னார். வாளைத் தரையில் வைத்தார்.

கை வாளை விடவில்லை.

லேசாக உதறினார். இளவரசனாக நடித்த பையன் காத்து நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அரசர் மறுபடி, "இனி இந்த வாள் உன்னுடையது" என்றார். கையை மறுபடி உதறினார். கை வரவில்லை. இடது கையால் வலது கையின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்.

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பின்னால் பரவியது. கொடுக்க மனசு வராத அரசன் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. அரங்கமே கொல்லென்று சிரித்தது.

அரசர் தலையைத் தூக்கினார். அவர் சபையைப் பார்க்கவில்லை. தனக்குப் பக்கத்தில், யாருமே இல்லாத இடத்தை, ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தார்.

"விடுடா."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மார்பில் ஒலிவாங்கி இருந்தது.

"வாலு… கையை விடுடா. எலும்பு நொறுங்குதுடா."

சிரிப்பு அங்கங்கே அடங்கியது.

"சபையில உன்னைப் பாத்துச் சிரிக்கணும்னுதான்டா செஞ்சேன். ஒரே ஒரு தடவை சிரிச்சா போதும், மறுபடி எனக்கே வேஷம் வந்துடும்னு… நான் வாலைத்தான் அறுத்தேன். உன்னைச் சாகடிக்க நினைக்கலடா. சத்தியமா நான் வாலைத்தான் அறுத்தேன்!"

அரங்கத்தில் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை.

ஓடிவந்தவர்கள் அவரைத் தூக்கினார்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் ஒரு விரல் நிமிரவில்லை. "அவளைக் கூப்பிடுங்க, அவளால முடியும், அவ சொன்னா கேப்பான்" என்று அரசர் அலறினார். அக்கா மேடைக்கு வந்து குனிந்து, அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

அவர் விரல்கள் சூடாக இருந்தன. அவற்றுக்கு மேல், அவளுடைய உள்ளங்கைக்கும் அவர் தோலுக்கும் நடுவில், வேறு விரல்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தன.

போதும்டா தம்பி என்று சொன்னால் விட்டுவிடுவான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வாளோடுதான் கொண்டுபோனார்கள். முதலாளியம்மா சொல்லியனுப்பிய காவல்துறைக்காரர் ஒருவர் வார்டு வாசலில் வந்து நின்றார். ஊசி போட்டு மயக்கிப் பார்த்தும் முஷ்டி இளகவில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் அக்காவையே கருவிப் பையோடு உள்ளே விட்டார்கள். அவள் குமிழைத் திருகி எடுத்தாள். ஆணியைத் தட்டி வெளியே தள்ளினாள். பிறகு சிறிய உளியால், அவர் விரல்களில் படாமல், தன் கையால் செய்த பிடியைச் சில்லுச் சில்லாகக் கொத்தி எடுத்தாள். கெட்டி மரம். வெகுநேரம் பிடித்தது.

மயக்கம் தெளிந்து அரசர் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"உன் தம்பிக்குத் துரோகம் பண்ணிட்டேன்," என்றார் கரகரத்த குரலில்.

அக்கா கடைசிச் சில்லை ஊதிவிட்டு உளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

"அவனுக்குப் பண்ணினதை அவன் கேட்டுக்குவான். எனக்குப் பண்ணினியே, அது? என் கையாலதான் அவன் செத்தான்னு நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதப்போ, பக்கத்துலயே உக்காந்து தண்ணி குடுத்தியே. அழாதேம்மான்னு சொன்னியே. அப்போ உனக்கு எப்படிய்யா கை நடுங்காம இருந்துச்சு?"

பை தோளுக்கு ஏறியது. அவள் வெளியே வந்துவிட்டாள்.

வாள் போன பிறகும் முஷ்டி திறக்கவில்லை. வெறுங்கை, காற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா வீட்டுக்குப் போகக் கிளம்பினாள். அந்த வீட்டுக்கு அல்ல. முதலாளியம்மா தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். வாசல் வரை போனவளைப் படம் எடுக்கும் பெண் ஓடிவந்து நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, நீங்கதானே அவரோட வீட்டுக்காரம்மா? படம் எடுக்கறப்போ யாரும்மா உள்ளே போனது? யாரும் நிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே கதவைச் சாத்தினேன்!"

"நான் இங்கதாம்மா இருந்தேன். ஏன்?"

"அப்போ அவர் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது யாரு?"

அந்தப் பெண் கையில் இருந்த படத்தைக் கூடத்து விளக்குக்கு நேராகத் தூக்கினாள். கறுப்புப் படத்தில் வெள்ளை வெள்ளையாக எலும்புகள். இறுக மூடிய ஒரு முஷ்டி. அதன் மேல் பின்னிக்கொண்டு நீளமான விரல் எலும்புகளோடு இன்னொரு கை.

"ஏதோ கோளாறுன்னு நினைச்சு உடனே இன்னொரு தடவை எடுத்தேன்மா," என்று கிசுகிசுத்தாள் அந்தப் பெண். "அதையும் பாருங்க."

அக்கா இரண்டாவது படத்தை வாங்கிப் பார்த்தாள்.

இதில் அந்தக் கை விரல்களை விட்டுவிட்டு, மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது.